வயதான பிறகு வரைவதும் பாடுவதும்: நிஜமாகப் பலன் உண்டா, வெறும் டைம்பாஸா?

கேள்வி இதுதான். அம்மாவுக்கு 68 வயது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பகல் முழுக்க டிவியும் போனும்தான். ஓவியம், பாட்டு, கைவேலை எல்லாம் வயதானவர்களின் மூளைக்கு நல்லது என்கிறார்களே, அது உண்மையா? அம்மாவுக்கு இதில் எதுவுமே தெரியாது, விரல் மூட்டுகளில் வலி வேறு இருக்கிறது. எதில் ஆரம்பிப்பது?

பலன் உண்டு. ஆனால் விளம்பரங்களில் சொல்கிற பலன் ஒன்று, நிஜத்தில் கிடைக்கிற பலன் வேறு. "தினமும் வரைந்தால் மறதி நோய் வராது" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம், அந்த அளவுக்கு யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை. தனிமை குறைவது, மனச்சோர்வு குறைவது, நாளை என்ன செய்யலாம் என்ற யோசனை மறுபடி வருவது, இவற்றுக்குத்தான் சான்றுகள் பலமாக இருக்கின்றன. முதியவர்களோடு ரொம்ப காலமாக வேலை செய்கிறவன் என்ற முறையில் நான் கண்ணால் பார்ப்பதும் அதுதான். அப்புறம் இன்னொன்று: எந்தக் கலை என்பது இரண்டாம்பட்சம். அதில் அவர் புதிதாக எதையாவது கற்றுக்கொள்கிறாரா, கொஞ்சமாவது திணறுகிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். திணறல் இல்லாத கைவேலை இனிமையான பொழுதுபோக்கு, அதில் தப்பே இல்லை, ஆனால் மூளைக்கு என்று தனியாக அதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

இதை என் அபிப்பிராயமாக மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க் என்பவரின் குழு செய்து 2014-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. 60 முதல் 90 வயது வரை 200-க்கும் மேற்பட்டவர்களைப் பல குழுக்களாகப் பிரித்தார்கள். சிலருக்குத் துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் குவில்ட் வேலை, சிலருக்கு டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்துக் கணினியில் திருத்துவது, சிலருக்கு இரண்டும். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம், பாடம் ஏற ஏற கடினமாகிக்கொண்டே போகும். இன்னொரு குழு அதே அளவு நேரம் ஒன்றாகக் கூடிப் பேசி, விளையாடி, வெளியே போய் வந்தது, ஆனால் புதிதாக எதையும் கற்கவில்லை. மற்றொரு குழு வீட்டிலேயே இசை கேட்பது, எளிய சொல் விளையாட்டு என்று இருந்தது. மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது நினைவாற்றல் கூடியது கற்றுக்கொண்டவர்களுக்குத்தான், அதிலும் கேமரா பிடித்தவர்களிடம் அது தெளிவாகத் தெரிந்தது. கூடிப் பேசிச் சந்தோஷமாக இருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. இந்த ஓர் ஒப்பீட்டுக்காகவே இந்த ஆய்வை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். வாரம் 15 மணி நேரம் நம் வீட்டில் நடக்கிற காரியமா என்றால், பெரும்பாலும் இல்லை. அதனால் அதே அளவு பலனை எதிர்பார்க்கவும் கூடாது.

எதிர்த்திசையில் நிற்கிற ஓர் ஆய்வையும் சொல்லியாக வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் 12 முதியோர் மையங்களில் 390 பேரை வைத்துக் குழுப்பாடல் நடத்தினார்கள், 2018-ல் முடிவு வந்தது. ஆறு மாதம் சேர்ந்து பாடியவர்களுக்குத் தனிமை உணர்வு குறைந்தது, வாழ்க்கையில் ஆர்வம் கூடியது. நினைவாற்றலிலும் உடல் இயக்கத்திலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. பாதிப்பேர் இந்த ஆய்வின் முதல் பாதியை மட்டும் பகிர்வார்கள். எனக்கு இரண்டாவது பாதியும் பிடிக்கும், ஏனென்றால் எதற்கு எது உதவும் என்று அது பிரித்துக் காட்டிவிடுகிறது. உங்கள் அம்மாவுக்குத் தனிமைதான் பிரச்சினை என்றால் சேர்ந்து பாடுகிற ஒரு குழுவைத் தேடுங்கள். மூளைக்கு வேலை வேண்டும் என்றால் கற்றுக்கொள்ளக் கஷ்டமான ஒன்றை எடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் பாக்கியம்.

இனி, எல்லாரும் மேற்கோள் காட்டும் பெரிய எண்கள். 2003-ல் வெளியான ஒரு நியூயார்க் ஆய்வில், 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், இசைக்கருவி வாசிப்பவர்களுக்கும், படிப்பவர்களுக்கும், நடனமாடுபவர்களுக்கும் மறதி நோய் குறைவாக வந்தது. உடற்பயிற்சி சார்ந்த பொழுதுபோக்குகளில் அப்படித் தெரிந்தது நடனம் ஒன்று மட்டுமே. அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவமனை செய்த 2015 ஆய்வில், 85 வயதைத் தாண்டிய 256 பேரில், நடுவயதிலும் முதுமையிலும் ஓவியம், சிற்பம் என்று ஈடுபட்டவர்களுக்கு லேசான அறிவாற்றல் குறைபாடு (மறதி நோய்க்கு முந்தைய படியாகக் கருதப்படும் நிலை) வரும் வாய்ப்பு 73 சதவீதம் குறைவாக இருந்தது. எண்ணைப் பார்த்ததும் உடனே பிரஷ் வாங்கக் கிளம்பத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மறதி நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல வருடங்கள் முன்பே மூளைக்குள் தொடங்கிவிடுகிறது, அது தொடங்கியவர்கள் முதலில் கைவிடுவது இந்த மாதிரி சிக்கலான பொழுதுபோக்குகளைத்தான். ஆக, வரைந்ததால் நோய் வரவில்லையா, நோய் வராததால் வரைய முடிந்ததா என்பதை இந்த வகை ஆய்வால் பிரிக்க முடியாது. தவிர, கலைகளுக்கு நேரம் ஒதுக்க முடிகிறவர்கள் பெரும்பாலும் படிப்பும் வசதியும் உள்ளவர்கள். ஸ்வீடனில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வு, இருவரில் இசைக்கருவி வாசித்தவருக்கு மறதி நோய் வாய்ப்பு குறைவு என்றது. பரம்பரையும் வளர்ப்பும் பெருமளவு ஒன்றாக இருப்பதால் அது சற்றுக் கூடுதல் நம்பிக்கை தருகிறது, ஆனால் அதில் கருவி வாசிப்பதில் வேறுபட்டிருந்தது வெறும் 27 ஜோடிகள்.

கலையைச் செய்யாமல் வெறுமனே பார்ப்பதற்கும் பலன் உண்டா என்று அடுத்து கேட்பீர்கள். இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேற்பட்ட 6,710 பேரை 14 வருடம் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியிட்டார்கள். அருங்காட்சியகம், நாடகம், கச்சேரி என்று சில மாதங்களுக்கு ஒருமுறையாவது போய் வந்தவர்களுக்கு, போகவே போகாதவர்களைவிட அந்தக் காலகட்டத்தில் இறக்கும் வாய்ப்பு 31 சதவீதம் குறைவாக இருந்தது. வசதி, உடல்நிலை, நடமாட்டம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை. அதனால் பார்ப்பதையும் ஒதுக்க வேண்டாம். ஆனால் நிகழ்ச்சியைப் பார்க்கக் கிளம்பிப் போவது வேறு, சோபாவில் சாய்ந்து டிவியில் பார்ப்பது வேறு. ஜெர்மனியில் ஓய்வு பெற்ற 28 பேரைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வரையவும் மறு பாதியை ஓவியங்களைப் பார்த்துப் பேசவும் வைத்தார்கள். பத்து வாரம் கழித்து மூளைப் பகுதிகளுக்கு இடையேயான தொடர்பு மேம்பட்டது வரைந்தவர்களுக்கே. 28 பேர் என்பது ரொம்பக் குறைவு, ஆனாலும் திசை காட்டுகிறது.

சரி, ஆய்வுகள் போதும். ஏன் இது வேலை செய்கிறது என்று யோசித்தால், எனக்குப் பெரிதாகப் படுவது மூளை நரம்பெல்லாம் இல்லை, முடிவெடுப்பதுதான். வயது ஏற ஏற ஒருவருக்கான முடிவுகளை மற்றவர்கள் எடுக்க ஆரம்பிக்கிறார்கள். எப்போது மாத்திரை, எங்கே தூங்குவது, யாரோடு வெளியே போவது, போனில் எந்த பட்டனை அமுக்கக் கூடாது, எல்லாமே அடுத்தவர் சொல்லித்தான். ஒரு காகிதத்தின் முன்னால் உட்கார்ந்தால், நீலமா பச்சையா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும், வேறு யாருக்கும் அதில் வேலை இல்லை. முப்பது நாற்பது வருடம் அலுவலகத்தில் பொறுப்பாக இருந்த ஒருவருக்கு ஓய்வுக்குப் பிறகு சம்பளத்தைவிட அதிகம் குறைவது இந்தப் பொறுப்புதான். அதனால்தான் எண் போட்ட கட்டங்களில் வண்ணம் நிரப்பும் புத்தகத்தை நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. மனம் அமைதியாகிறது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதிலும் முடிவை வேறு யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள்.

விரல் வலி பற்றி. இது தடை மாதிரித் தெரியும், பல சமயம் புது வழியைத் திறந்துவிட்டதும் இதுதான். அமெரிக்காவில் கிராண்ட்மா மோசஸ் என்று அறியப்பட்ட ஓவியர், எம்பிராய்டரி செய்துகொண்டிருந்தவர், மூட்டுவலியால் ஊசி பிடிக்க முடியாமல் போனபோது எழுபதுகளின் பிற்பகுதியில்தான் பிரஷ்ஷை எடுத்தார், 101 வயது வரை வாழ்ந்தார். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1941-ல் வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை முடிந்து நின்று வரைய முடியாமல் போனபோது, வண்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டத் தொடங்கினார். இன்று அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு ஞாபகம் வருவது அந்தக் கத்தரிப்பு வேலைகள்தான். 18-ம் நூற்றாண்டில் மேரி டெலானி என்ற பெண்மணி, கணவர் இறந்த பிறகு, எழுபதைத் தாண்டிய வயதில், காகிதத் துணுக்குகளை ஒட்டிப் பூக்களைச் செய்ய ஆரம்பித்தார். பத்து வருடத்தில் ஏறக்குறைய ஆயிரம் பூக்கள், பிறகு பார்வை மங்கியதால் நிறுத்தினார். அவை இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இவர்களெல்லாம் விதிவிலக்குகள்தான், உங்கள் அம்மா மியூசியத்துக்குப் போக வேண்டியதில்லை. ஒரு விஷயம் முடியாமல் போனால் அதன் பக்கத்திலேயே வேறொன்று இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. பிரஷ், பென்சில், ஊசி எதுவானாலும் பிடியைத் தடிமனாக்குங்கள், ஸ்பாஞ்ச் சுற்றி டேப் ஒட்டினால் போதும், மெல்லிய பிடிதான் விரலை அதிகம் இறுக்க வைக்கிறது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கையை நீட்டி மடக்கச் சொல்லுங்கள். மூட்டு வீங்கிச் சிவந்திருக்கும் நாளில் விட்டுவிட வேண்டும், பிடிவாதம் வேண்டாம். வெளிச்சத்தை மறக்காதீர்கள்: 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதுக்காரருக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும் என்பார்கள், கண்ணின் லென்ஸ் மஞ்சளாவதால் நீலமும் ஊதாவும் கலந்து தெரியும். "அம்மாவுக்கு வண்ணம் சரியா வரல" என்று முடிவு கட்டுவதற்கு முன் மேசை விளக்கு ஒன்று வாங்கிப் பாருங்கள். எண்ணெய் வண்ணமும் அதைக் கரைக்கும் டர்பன்டைனும் மூச்சுப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஆகாது, தண்ணீரில் கரையும் வண்ணமே போதும். ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மரம் செதுக்குவது போன்ற கத்தி வேலைகளைத் தவிர்ப்பது நல்லது.

எதில் ஆரம்பிப்பது? உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. நாள் முழுக்க போன் என்கிறீர்கள், அந்த போனில்தான் கேமராவும் இருக்கிறது. நான் மேலே சொன்ன டெக்சாஸ் ஆய்வுக்குக் கிட்டத்தட்ட செலவே இல்லாமல் கிட்டே போகிற வழி இது. சும்மா படம் எடுப்பது இல்லை. இந்த வாரம் நிழல்கள் மட்டும், அடுத்த வாரம் ஒரே பொருள் காலை, மதியம், மாலை வெளிச்சத்தில், அதற்கடுத்த வாரம் ஒரு படத்தை வெட்டி, வெளிச்சம் கூட்டி, கறுப்பு வெள்ளையாக்கி என்று ஏற்றிக்கொண்டே போகலாம். விரலுக்குச் சிரமம் இல்லை, படம் எடுக்க எழுந்து நடக்க வேண்டும், அதுவே பாதி லாபம்.

அதில் ஆர்வம் இல்லையா, எழுதச் சொல்லுங்கள். பேனா பிடிப்பது வலி என்றால் போனில் பேசிப் பதிவு செய்யலாம், குரலை எழுத்தாக மாற்றும் வசதி தமிழிலும் இருக்கிறது. வயதானவர்கள் பழங்கதை பேசுவதை ஒரு காலத்தில் மூளை தளர்வதன் அறிகுறி என்றே நினைத்தார்கள். 1963-ல் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர்தான் அது இயல்பான, பயனுள்ள ஒரு மனவேலை என்று எழுதினார், பிறகு அதிலிருந்து ஒரு சிகிச்சை முறையே வளர்ந்தது. நம் உ.வே.சாமிநாதையர் ஆனந்த விகடனில் தன் வாழ்க்கை வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கியது 1940-ல், வயது எண்பத்தைந்தை நெருங்கும்போது. 1942-ல் அவர் மறையும் வரை தொடர் முடியவில்லை. அம்மாவிடம் "உன் வாழ்க்கைக் கதையை எழுது" என்று சொன்னால் மலைத்துப் போவார். "முதல் நாள் வேலைக்குப் போனபோது என்ன உடுத்தியிருந்தாய், யார் உட்காரச் சொன்னார்கள்" என்று கேட்டால் ஒரு பக்கம் தானாக வந்துவிடும்.

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைக் குரல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று தள்ளிவிடுகிறோம். பக்கவாதத்தால் பேச்சு தடைப்பட்ட சிலரால் பேச முடியாத சொற்களைப் பாட முடிகிறது, அதை அடிப்படையாக வைத்து ஒரு பேச்சுப் பயிற்சி முறையே 1970-களில் உருவானது. உடல் நடுங்கி, நடை தடைப்படும் பார்கின்சன் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கான நடன வகுப்பு 2001-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு நடனக் குழு தொடங்கி, இன்று பல நாடுகளில் நடக்கிறது. தாளம் கேட்டால் உறைந்து நின்ற கால் நகர்வதை அங்கே பார்க்கலாம். காது கேட்கும் கருவி போட்டவர்களுக்கு இசை கரகரவென்று கேட்பதாகச் சொன்னால், கருவி பேச்சுக்காக அமைக்கப்பட்டிருக்கலாம், இசைக்குத் தனி அமைப்பு வைத்துத் தர முடியுமா என்று கருவி கொடுத்தவரிடமே கேட்க வேண்டும்.

இனி வீட்டில் இருப்பவர்களுக்கு, அதாவது உங்களுக்கு. அவர் முதல் படத்தைக் காட்டும்போது குழந்தையிடம் சொல்வதுபோல் "சூப்பர்மா!" என்று கைதட்டாதீர்கள். அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு அது இளக்காரம் என்று உடனே புரிந்துவிடும். "இந்த மரத்தை ஏன் ஓரத்தில் வைத்தாய்?" என்று கேளுங்கள், அவர் யோசித்துப் பதில் சொல்வார். கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அழகான பெட்டியில் விலையுயர்ந்த செட் வாங்கிப் பரிசாகக் கொடுப்பதும் வேண்டாம், வீணாக்கிவிடுவோமோ என்ற பயத்திலேயே பலர் அதைத் திறப்பதில்லை. மலிவான காகிதக் கட்டு ஒன்று கொடுத்தால் தாராளமாகக் கிறுக்குவார்கள். "இது உன் மூளைக்கு நல்லது" என்ற வாக்கியத்தை வாயில் கொண்டு வரவே கூடாது. மாத்திரையோடு சேர்த்து இன்னொரு கட்டாயமாகிவிடும். முடிந்தால் நீங்களும் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள், அவரைவிட மோசமாக வரைந்தால் இன்னும் நல்லது.

மறதி நோய் ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்களுக்கு அணுகுமுறை மாறும், இதையும் படிக்கிறவர்களில் சிலருக்குத் தேவைப்படலாம். அங்கே கற்றுக்கொள்ள வைக்க முயலக் கூடாது, அது தோல்வியைத்தான் ஞாபகப்படுத்தும். அமெரிக்காவில் ஆன் பாஸ்டிங் என்பவர் 1990-களில் செய்த சின்ன மாற்றம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: "இது யார், ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒரு வேடிக்கையான படத்தைக் கொடுத்து "இவருக்கு என்ன பெயர் வைக்கலாம்?" என்று கேட்டார். நினைவிலிருந்து எடுக்க வேண்டியதில்லை, கற்பனை செய்தால் போதும், தப்பான பதில் என்று ஒன்றே கிடையாது. பேசாமல் இருந்தவர்கள் பேசினார்கள். இவர்களுக்கு வாங்கும் வண்ணங்கள் வாயில் போட்டாலும் ஆபத்தில்லாத வகையாக இருக்கட்டும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. இதுவரை ஆர்வமே இல்லாத ஒருவர் திடீரென்று இரவு பகலாக வரைய ஆரம்பித்து, கூடவே குணமும் மாறி, நாசூக்கு குறைந்து, அடுத்தவர் உணர்வைக் கண்டுகொள்ளாமல் போனால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூளையின் முன்பகுதியைப் பாதிக்கும் ஒரு வகை மறதி நோயில் இப்படி நடப்பதை புரூஸ் மில்லர் என்ற மருத்துவர் 1990-களில் பதிவு செய்திருக்கிறார். பார்கின்சனுக்கான சில மருந்துகளாலும் இப்படி ஆகலாம். அபூர்வம்தான், பயப்பட வேண்டாம்.

உங்கள் அம்மா விஷயத்தில் அதைவிட எனக்குக் கவலை தருவது பகல் முழுக்க டிவி என்பதுதான். வேறு வேலை இல்லாததால் பார்க்கிறார் என்றால் மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். இரண்டு மூன்று மாதம் ஒன்றை முயன்று, பிடிக்கவில்லை என்றால் அடுத்ததற்குப் போகலாம். ஆனால் முன்பு பிடித்த எதிலும் விருப்பம் இல்லாமல், தூக்கமும் பசியும் மாறி இருந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள், பிரஷ்ஷெல்லாம் அப்புறம். அதோடு காது கேட்கும் திறனையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். சரியாகக் கேட்காததால் நாலு பேர் இருக்கும் இடத்துக்குப் போகக் கூச்சப்பட்டு, அதைச் சொல்லாமல் "எனக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை" என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.